மனை வாங்குவதிலும் போட்டி: சிறு வணிகர் சமாளிப்பது எப்படி?



சரக்கு விலையில் வரும் போட்டியைச் சமாளிக்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. எதிர்க்கடையில் துவரம்பருப்பு கிலோவுக்கு இரண்டு ரூபாய் குறைந்தால், எதை இறக்கலாம், எதை இறக்கக்கூடாது என்று கல்லாவில் உட்கார்ந்தபடியே கணக்குப் போட்டுவிடுவோம். ஆனால் இடம் வாங்கப் புறப்படும்போது மட்டும் அந்தக் கணக்குப் புத்தி நம்மில் பல பேருக்குக் கடையிலேயே தங்கிவிடுகிறது.

திருப்பூரிலும், அவிநாசி, பல்லடம், பெருமாநல்லூர், ஊத்துக்குளி, காங்கேயம் வட்டாரங்களிலும் இடம் தேடும் மளிகைக்காரரின் எதிரே நிற்பவர்கள் சாதாரண ஆட்கள் அல்ல. பனியன் கம்பெனி முதலாளிகள் இருக்கிறார்கள். ஏக்கர் கணக்கில் வாங்கி மனை பிரிப்பவர்கள் இருக்கிறார்கள். காலையில் டோக்கன் கொடுத்து மாலையில் கைமாற்றும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். நாம் விலை கேட்டு, வீட்டில் கலந்து பேசி, மறுநாள் போனால், "நேத்தே அட்வான்ஸ் வாங்கியாச்சுங்க" என்கிறார் இடத்துக்காரர்.

இப்படி இரண்டு முறை ஏமாந்தவர் இரண்டில் ஒன்றைச் செய்கிறார். "நமக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று ஒதுங்கிவிடுகிறார். அல்லது "இந்தத் தடவை விடக்கூடாது" என்று சரக்குப் பணத்தை எடுத்துக்கொண்டு பாய்கிறார். இரண்டுமே தவறு. இரண்டாவது தவறைச் செய்தவன் நான். அந்த அனுபவத்தைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

கையில் மனை, காலடியில் கடை

பத்தொன்பது ஆண்டுகள் ஒரே வாடகைக் கட்டடத்தில் கடை நடத்தினேன். 2010-ல் நெடுஞ்சாலைப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் ஐந்து சென்ட் வாங்கினேன். "இன்னைக்கு விட்டா நாளைக்கு இந்த விலைக்குக் கிடைக்காது. அப்ரூவல் பின்னாலே வந்துரும்" என்றார் காட்டியவர். பக்கத்து மனைக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்ததும் எனக்கு அவசரம் வந்துவிட்டது. கடையின் சரக்குப் பணத்தையும், ஏலச்சீட்டு எடுத்த பணத்தையும் சேர்த்துக் கிரயம் செய்தேன். போட்டியில் ஜெயித்துவிட்டதாகவே அன்று நினைத்தேன்.

2016 மார்கழியில் கடைக் கட்டடத்துக்காரரின் மகன் வந்தார். "அண்ணா, அப்பா போனதுக்கப்புறம் நாங்க பாகம் பிரிச்சுக்கறோம். மொதல்ல உங்களுக்குத்தான் சொல்றோம். தை மாசத்துக்குள்ள பத்திரம் பண்ணிக்கறதுன்னா நீங்களே எடுத்துக்குங்க" என்றார். நியாயமான விலைதான் சொன்னார். என் கையில் ரொக்கம் இல்லை. மனையை விற்றால் பாதிக்கு மேல் தேறும். வாங்க ஆளும் இருந்தார். ஆனால் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாது என்று சென்னை உயர்நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9-ல் தடை விதித்திருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் என் பத்திரம் செல்லுபடியாகவில்லை. நவம்பர் 8-ல் பணமதிப்பிழப்பு அறிவிப்பும் வந்திருந்ததால் கைமாற்றுக்கும் வழியில்லை.

கட்டடம் வேறொருவர் கைக்குப் போயிற்று. அவர் பேரில் குற்றமில்லை. அவர் தன் சொந்தத் தொழிலுக்கு வாங்கினார். ஆறு மாத அவகாசம் கொடுத்தார். நான் இரண்டு தெரு தள்ளிப் புதுக்கடை போட்டேன். மாதக் கணக்கு வைத்திருந்த நூற்றிருபது வீடுகளில் என்னோடு வந்தவை ஐம்பதுகூட இல்லை. எனக்குத் தேவையில்லாத இடத்துக்குப் போட்டி போட்டு ஜெயித்தேன். என் பிழைப்பு நிற்கும் இடத்துக்குப் போட்டி வந்தபோது கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

இந்த அனுபவம் எனக்குச் சொன்ன பாடம் இதுதான்: ஒரே இடம் எல்லோருக்கும் ஒரே மதிப்பு உடையது அல்ல. மற்றவரைவிட உங்களுக்கு அதிகம் பயன்படும் இடத்துக்கு மட்டுமே போட்டி போடுங்கள். மற்ற இடங்களைத் தாராளமாக விட்டுக்கொடுங்கள்.

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. அரசனுக்குச் சொன்ன வரிசை அது. மனை வாங்கும் வணிகருக்கும் அதே வரிசை பொருந்தும்.

முதலில் எதிராளி யார் என்று பாருங்கள்

போட்டி என்று பொதுவாகப் பயப்படக் கூடாது. யார், எதற்காக வாங்குகிறார் என்று பிரித்துப் பார்த்தால் பாதிப் பயம் போய்விடும்.

கம்பெனி முதலாளிக்குக் கண்டெய்னர் லாரி திரும்பும் சாலை வேண்டும், மின்சாரம் வேண்டும், பெரிய பரப்பு வேண்டும். உள்தெருவில் மூன்று சென்ட் அவருக்கு உதவாது. மனை பிரிப்பவருக்கு ஏக்கர் வேண்டும். தெருமுனையில் உள்ள பழைய ஓட்டு வீடு அவர் கண்ணில் படாது. புரோக்கருக்கு வாங்கும் எண்ணமே இல்லை. டோக்கன் கொடுத்த நாளுக்கும் கிரய நாளுக்கும் நடுவில் வேறு ஆளைப் பிடித்தால்தான் அவருக்கு லாபம். ஆகவே தவணை நெருங்க நெருங்க அவர் கை தளரும். வீடு கட்ட இரண்டு சென்ட் தேடும் குடும்பத்தார் வங்கிக் கடனை நம்பியிருப்பார்கள். தாள்கள் சரியாக இல்லாத இடத்தை அவர்களால் வாங்க முடியாது.

இப்படிப் பார்த்தால், நம் கடை இருக்கும் தெருவில் வரும் சிறு இடத்துக்கு நமக்கு உண்மையான எதிராளி ஒருவரோ இருவரோதான். பெரும்பாலும் அவரும் நம்மைப் போன்ற ஒரு வணிகராகவே இருப்பார்.

வலியறிதல்

பணத்தில் நாம் சிறியவர்கள். ஆனால் பணத்தைத் தவிர வேறு பலம் நமக்கு உண்டு.

முதல் பலம், செய்தி. எந்த வீட்டுப் பையன் பெங்களூருக்குப் போய்விட்டான், எந்த வீட்டில் அண்ணன் தம்பி பாகப் பேச்சு நடக்கிறது, எந்த வீட்டில் பெண் கல்யாணத்துக்குப் பணம் தேடுகிறார்கள் என்பது புரோக்கருக்குத் தெரிவதற்கு மூன்று மாதம் முன்பே நம் கடைப் பலகையில் பேச்சாக வந்துவிடும்.

இரண்டாவது பலம், நம்பிக்கை. விற்பவர் எல்லோரும் கடைசி ரூபாயை மட்டும் பார்ப்பதில்லை. "சொன்ன தேதியில் முழுப் பணம் வருமா? காலி செய்யக் கொஞ்சம் நாள் கொடுப்பாரா? விஷயத்தை ஊரெல்லாம் பரப்பாமல் இருப்பாரா?" என்றும் பார்க்கிறார்கள். இருபது ஆண்டுகளாக எடை குறைக்காதவர் என்ற பெயர் அந்த நேரத்தில் பணமாக மாறும். கல்யாணம் முடிந்து மூன்று மாதம் கழித்துக் காலி செய்யலாம் என்று நாம் சொல்லும் ஒரு வார்த்தை, வெளியாள் கூட்டித் தரும் ஐம்பதாயிரத்துக்குச் சமம்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இந்தப் பலம் கத்தி போன்றது. வாடிக்கையாளரின் கடன் நோட்டு நம் கையில் இருக்கிறது என்பதற்காக, அவர் கஷ்டத்தில் இருக்கும்போது அடிமாட்டு விலை பேசினால், இடம் கிடைக்கலாம். பெயர் போய்விடும். பெயர் போன மளிகைக்கடைக்குச் சொந்தக் கட்டடம் இருந்தும் பயன் இல்லை.

மூன்றாவது, நம் பலவீனத்தையும் அறிய வேண்டும். நம் பணம் சுழலும் பணம். ஐந்து லட்சம் ரூபாய்ச் சரக்கு மாதம் ஒரு முறை திரும்பி, ஒவ்வொரு முறையும் செலவு போக இரண்டு சதவீதம் நின்றால், மாதம் ரூ.10,000. ஆண்டுக்கு ரூ.1,20,000. அதாவது முதலுக்கு 24 சதவீதம். அந்த ஐந்து லட்சத்தை எடுத்து மனையில் போட்டால், மனை விலை ஆண்டுக்கு 24 சதவீதம் ஏறினால்தான் நட்டமில்லை. வருஷா வருஷம் அப்படி ஏறும் என்று எந்தப் புரோக்கரும் எழுதிக் கொடுக்கமாட்டார். கடையில் பாதி அலமாரி காலியாக இருந்தால் வாடிக்கையும் போகும். அந்த நட்டம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

சுழலும் பணம் நிலத்தில் முடங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ் வணிகர் வரலாற்றிலேயே பெரிய சான்று உண்டு. பர்மாவில் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்துவந்த நாட்டுக்கோட்டை நகரத்தார் நிலம் வாங்கச் சென்றவர்கள் அல்லர். கொடுத்து வாங்குவதே அவர்கள் தொழில். 1930-களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை. ஈடு வைத்த நிலங்கள் அவர்கள் கணக்கில் வந்து சேர்ந்தன. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-ல் ஏறக்குறைய 6 சதவீத நிலம் அவர்கள் வசம் இருந்தது. 1938-ல் அது 25 சதவீதம் ஆயிற்று. ஏட்டில் பெரும் சொத்து. விற்றுப் பணமாக்க வழியில்லை. பிறகு உலகப்போர் வந்தது. 1948-ல் பர்மா சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே நில தேசியமயச் சட்டமும் வந்தது. அவ்வளவு திறமையான வணிகர்களுக்கே இந்தக் கதி என்றால், நம் ஐந்து லட்சம் எம்மாத்திரம்?

ஆகவே பணத்தை மூன்றாகப் பிரித்து வையுங்கள். சரக்குப் பணம், குடும்பப் பணம், மனைப் பணம். மூன்றாவதில் சேர்ந்ததைக் கொண்டு மட்டும் மனைக்குப் போங்கள். அது சேரும்வரை போட்டியில் தோற்பதே லாபம்.

காலமறிதல்

நம் ஊரின் பிழைப்பு பனியனோடு கட்டப்பட்டது. அது ஏறினால் நிலம் ஏறும், லைன் வீட்டு வாடகை ஏறும். அது இறங்கினால் எல்லாம் இறங்கும். 2011 ஜனவரியில் உயர்நீதிமன்ற உத்தரவால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டதைப் பார்த்தோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து, வெளிமாநிலத் தொழிலாளர்கள் ரயில் ரயிலாகச் சொந்த ஊர் திரும்பியதைப் பார்த்தோம். 2025 ஆகஸ்ட் 27-ல் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி விதித்து, ஏற்றுமதிக் கம்பெனிகள் கலங்கியதையும் பார்த்தோம்.

இந்தக் காலங்களிலிருந்து இரண்டு பாடங்கள் எடுக்கலாம்.

ஒன்று: ஊர் செழிப்பாக இருக்கும்போது போட்டி அதிகம். ஊர் தளரும்போது பெரிய கைகள் நூல் வாங்கவும் கூலி கொடுக்கவும் பணத்தை இழுத்துப் பிடிப்பார்கள். இடம் வாங்கும் வரிசையில் ஆள் குறையும். கடன் இல்லாமல் சேமித்து வைத்திருக்கும் சிறு வணிகரின் முறை அப்போதுதான் வரும். பத்துப் பேர் கேட்கும் நாளில் கேட்காமல், இரண்டு பேர் கேட்கும் நாளில் கேட்பதுதான் போட்டியைச் சமாளிக்கும் எளிய வழி.

இரண்டு: வாடகையை நம்பிக் கடன் வாங்கக் கூடாது. கணக்கைப் பாருங்கள். நிலமும் கட்டுமானமும் சேர்ந்து ரூ.40 லட்சத்தில் ஐந்து அறை லைன் வீடு கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். அறைக்கு ரூ.4,000 வாடகை என்றால் மாதம் ரூ.20,000. ஆண்டுக்கு ரூ.2,40,000. இது 6 சதவீதம். ஓர் ஆண்டு முழுதும் இரண்டு அறை காலியாக இருந்தால் ரூ.1,44,000. இது 3.6 சதவீதம்தான். சொத்து வரி, மோட்டார் ரிப்பேர், வெள்ளையடிப்பு இதிலிருந்துதான் போக வேண்டும். 9, 10 சதவீத வட்டிக்குக் கடன் வாங்கியவர், மீதி வட்டியை அரிசி மூட்டையிலிருந்துதான் எடுத்துக் கட்ட வேண்டியிருக்கும்.

ஆண்டுக்குள்ளும் காலம் உண்டு. ஆடி மாதத்தில் பல வீடுகளில் கிரயம் பேச மாட்டார்கள். ஆனாலும் பணம் தேவைப்படுபவருக்கு ஆடி ஆவணி தெரியாது. தீபாவளிக்கு முன் போனஸ் கொடுக்கப் பணம் தேடும் சிறு கம்பெனிக்காரர்கள் கையிலிருக்கும் மனையை விலை பேசுவார்கள். அதே தீபாவளிக்கு நமக்கும் சரக்குப் பணம் வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. ஒப்பந்தம் போடும்போது இறுதித் தவணை தீபாவளிக்கோ பொங்கலுக்கோ முன்னால் விழாதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இடனறிதல்

எங்கே போட்டி போடலாம்? என் அனுபவத்தில் வரிசை இதுதான்.

முதலிடம், இப்போது கடை நடக்கும் கட்டடம். இங்கே மட்டும் நம்மால் பெரிய கைகளையும் எதிர்த்துக் கூடுதல் விலை கொடுக்க முடியும். ஏனென்றால் வெளியாள் வாடகையை மட்டும் கணக்குப் போடுகிறார். ரூ.30 லட்சம் கட்டடத்துக்கு மாத வாடகை ரூ.15,000 என்றால் அவருக்கு 6 சதவீதம். நமக்கு அந்த வாடகை மிச்சம். அதோடு, கடையை மாற்றினால் இழக்கப்போகும் வியாபாரமும் மிச்சம். மாதம் ரூ.40,000 நிற்கும் கடையில் நாற்பது சதவீத வாடிக்கை போனால் நட்டம் ரூ.16,000. வாடகையைவிட அது பெரிது. இந்தக் கணக்கு தெரிந்தவர் பத்து சதவீதம் கூட்டிக் கொடுத்தாலும் ஏமாந்தவர் ஆகமாட்டார்.

இரண்டாமிடம், கடையை ஒட்டிய இடம். கிட்டங்கிக்கோ, மூட்டை இறக்கவோ, வண்டி நிறுத்தவோ ஆகும். மூன்றாமிடம், நாம் தினம் நடக்கும் தெருக்களில் வரும் சிறு இடங்கள். தூரத்து நெடுஞ்சாலை மனை கடைசி இடம். அங்கே நம்மைவிட அதிகம் தெரிந்தவர்கள் நூறு பேர்.

இடம் பார்க்கும்போது தண்ணீரைக் கட்டாயம் பாருங்கள். நொய்யல் கரையில் இதை யாரும் மறக்கக் கூடாது. பாசனத்துக்காக 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் இடமாக மாறி, கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகளையும் கெடுத்தது. மண்ணுக்கு மேலே எல்லா மனையும் ஒன்றுபோல் தெரியும். பக்கத்து வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். செலவு சில நூறு ரூபாய்தான். உப்புத் தண்ணீர் இடத்தில் லைன் வீடு கட்டினால் குடிவருபவர் இரண்டாம் மாதமே போய்விடுவார்.

அடுத்தது அங்கீகாரம். 2016-ன் தடைக்குப் பிறகு, 2017 மே மாதத்தில் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. கட்டணம் கட்டி முறைப்படுத்திய பின்னரே என் ஐந்து சென்ட் விலைபோயிற்று. கடை போய் இரண்டு ஆண்டு கழித்துக் கிடைத்த பணம் அது. இன்று மனை வாங்குபவர் நகர் ஊரமைப்புத் துறையின் அங்கீகாரம் அல்லது வரன்முறை உத்தரவைக் கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய மனைப்பிரிவு என்றால், தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணும் வேண்டும். "பின்னாலே வரும்" என்பதற்கு விலை கொடுக்காதீர்கள்.

முந்திக்கொள்ளும் முறை

போட்டியில் முந்துவது என்றால் அவசரப்படுவது அல்ல, ஆயத்தமாக இருப்பது. பதறாத காரியம் சிதறாது. ஆயத்தம் என்பது இவை:

1. உச்ச விலையை முன்பே எழுதி வையுங்கள். பேச்சுக்குப் போகும் முன், இதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை என்ற தொகையை வீட்டில் நோட்டில் எழுதுங்கள். பக்கத்தில் இரண்டு பேர் நிற்பதைப் பார்த்து அந்த எண்ணை மாற்றாதீர்கள். அந்த இருவர் உண்மையில் வாங்க வந்தவர்கள்தானா என்பதுகூட நமக்குத் தெரியாது.

2. பதிவுச் செலவைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வையும் கூடுதல் தீர்வையும் சேர்ந்து 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். வழிகாட்டி மதிப்பு, பத்திர மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன் மேல் இது. ரூ.20 லட்சத்துக்கு ரூ.1,80,000. ரூ.10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதச் சலுகை 2025 ஏப்ரல் 1 முதல் உண்டு. இந்த 9 சதவீதமும் தரகும் ஏறிய பிறகுதான் லாபம் என்பதால், வாங்கி உடனே விற்கும் ஆட்டம் நமக்கு ஆகாது.

3. தாள் பார்க்கும் வேலையை முன்னதாக முடியுங்கள். நம் தெருவில் எந்தெந்த இடம் வருங்காலத்தில் விற்பனைக்கு வரும் என்று நமக்கே தெரியும். அவற்றின் வில்லங்கச் சான்று, பட்டா, சர்வே வரைபடம் இவற்றை இணையத்திலேயே எடுத்துப் பார்த்துவிடலாம். விற்பவர் வாய் திறக்கும் நாளில் நம் வழக்கறிஞருக்குப் பாதி வேலை முடிந்திருக்கும். மற்றவர் பதினைந்து நாள் கேட்கும் இடத்தில் நாம் நான்கு நாள் கேட்போம். மூலப்பத்திரம், வாரிசுகள் அனைவரின் கையெழுத்து ஆகியவற்றில் மட்டும் அவசரம் கூடவே கூடாது.

4. வெறும் டோக்கனை நம்பாதீர்கள். வெற்றுத்தாளில் எழுதிய அச்சாரம் போட்டியை நிறுத்தாது. தமிழ்நாட்டில் 2012-ல் செய்த திருத்தத்தின்படி கிரய ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும். பதிவு செய்தால் அது வில்லங்கத்தில் ஏறும். இரண்டாவது ஆள் வந்தாலும் கண்ணில் படும். பவர் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு இடம் நம்முடையது என்று இருந்துவிடாதீர்கள். அது கிரயம் ஆகாது என்று உச்சநீதிமன்றம் 2011-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

5. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். இடத்துக்கான முன்பணத்தை ரூ.20,000 அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்கக் கூடாது என்ற விதி 2015 ஜூன் முதல் இருக்கிறது. ரூ.50 லட்சமும் அதற்கு மேலும் உள்ள கிரயத்தில் வாங்குபவர் ஒரு சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். "பாதி ரொக்கமாகக் கொடுங்கள், உங்களுக்கே தருகிறேன்" என்று ஆசை காட்டுபவரை விட்டுவிடுங்கள். அவரோடு போட்டியில் தோற்பதும் நன்மையே.

வாடகைக் கடைக்காரர் இன்றே செய்ய வேண்டியது

நம் உறுப்பினர்களில் வாடகைக் கட்டடத்தில் இருப்பவர்கள் பலர். அவர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்.

வாய்ப்பேச்சு வாடகையை விட்டுவிடுங்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். பதினொரு மாத ஒப்பந்தம் பதினொரு மாதப் பாதுகாப்புதான். ஓர் ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்திலும் பதிவு செய்துகொண்டால், கட்டடம் கைமாறினாலும் புது உரிமையாளர் அந்தக் காலம் முடியும்வரை அதற்குக் கட்டுப்பட்டவர்.

ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கக் கேளுங்கள்: கட்டடத்தை விற்க நினைத்தால் முதலில் வாடகைதாரருக்கு எழுத்து மூலம் தெரிவித்து, இத்தனை நாள் அவகாசம் தர வேண்டும் என்று. உரிமையாளர் பெரும்பாலும் மறுக்க மாட்டார். இதனால் அவருக்கு நட்டம் ஒன்றும் இல்லை. எனக்கு இந்த வரி இருந்திருந்தால் மூன்று வாரத்துக்குப் பதில் மூன்று மாதம் கிடைத்திருக்கும். அவர் பிள்ளைகளையும் அறிந்து வையுங்கள். பெரியவரிடம் இருந்த பழக்கம் பிள்ளைகளிடம் தானாக வராது.

நமக்குள்ளே போட்டி வேண்டாம்

ஒரே தெருவில் இரண்டு வணிகர்கள் ஒரே இடத்துக்கு மாறி மாறி விலை ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். கடைசியில் வாங்கியவருக்குக் கடன், வாங்காதவருக்கு மனக்கசப்பு. முதலில் உட்கார்ந்து பேசுங்கள். எட்டு சென்ட் இடத்தில் ஒருவருக்குத் தெரு முகப்பு வேண்டும், மற்றவருக்குப் பின்னால் கிட்டங்கி போதும் என்று இருக்கலாம். விற்பவருக்கு அவர் கேட்கும் நியாய விலையைக் கொடுத்து இருவரும் சேர்ந்து வாங்கலாம்.

சேர்ந்து வாங்கினால் கிரய நாளிலேயே அளந்து, பாகத்தைத் தனித்தனிப் பத்திரமாகவே எழுதிக்கொள்ளுங்கள். பிரிபடாத பாகம் நண்பர்கள் காலத்தில் இனிக்கும், பிள்ளைகள் காலத்தில் கசக்கும். இன்னொருவர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தைப் பற்றி, "அதிலே வில்லங்கம் இருக்குதாம்" என்று புரளி கிளப்பி வாங்குவது வணிகருக்கு அழகல்ல. நாளைக்கு அதே இடத்தை நாம் விற்கும்போது அந்தப் புரளி நம்மைத்தான் சுற்றும்.

முடிவாக

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அளப்பது நம் தொழில். சரக்குப் பணத்தைத் தொடாதவர், ஊர் தளரும் காலத்துக்குக் காத்திருப்பவர், தன் கடைக்கு உதவும் இடத்தை மட்டும் குறிவைப்பவர், இவர்களுக்கு மனைச் சந்தையில் எதிராளி குறைவு.

என் பழைய கடை இருந்த கட்டடத்தை இன்றும் தினமும் தாண்டித்தான் கொள்முதலுக்குப் போகிறேன். இப்போது இருக்கும் கட்டடத்தின் ஒப்பந்தத்தில் நான் சொன்ன அந்த வரி இருக்கிறது. மனைப் பணமும் தனிக் கணக்கில் மாதாமாதம் சேர்கிறது. உங்கள் வாடகை ஒப்பந்தம் எங்கே இருக்கிறது என்று இன்று இரவு கடை சாத்தியதும் தேடிப் பாருங்கள். மனைப் போட்டியில் முதல் வேலை அதுதான்.